களையெடுத்த கைகளும் தாவரவியல் கல்வியும்



வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தாவரவியல் பயில்வது குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாதோர் சேரும் பாடம் இது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. இப்பாடத்தில் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு முதல் இருக்கிறது.

களையெடுக்கும் நம் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். இளம் நெற்பயிரும் குதிரைவாலி இனத்துக் களைப்புல்லும் பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். ஆயினும் அவர்கள் கை தவறுவதில்லை. அவ்வேறுபாட்டை வகைப்பாட்டியல் எழுதி வைத்திருக்கிறது. நெல்லின் இலைத்தாளும் இலையுறையும் கூடுமிடத்தில் லிக்யூல் என்னும் மெல்லிய சவ்வு உண்டு. அக்களைப்புல்லில் அஃது இல்லை. கோரைக்கு முப்பட்டைத் தண்டு. புல்லுக்குக் கணுக்களோடு கூடிய உருண்டைத் தண்டு. முன்னது சைப்பரேசி குடும்பம், பின்னது போயேசி குடும்பம்.

இத்துடன் நின்றால் அது பட்டறிவு. ஏன் என்று வினவும்போதுதான் அறிவியல் பிறக்கிறது. கடும் வெயிலில் அக்களைப்புல் நெல்லை முந்தி வளர்வதேன்? அதன் இலையை மெல்லிய குறுக்குவெட்டாகச் சீவி நுண்ணோக்கியில் காண்போமாயின் விடை தெரியும். ஒவ்வொரு வாஸ்குலார் கற்றையைச் சுற்றியும் பசுங்கணிகம் நிறைந்த பெரிய செல்கள் மாலை போல் சூழ்ந்திருக்கும். இதற்குக் கிரான்ஸ் அமைப்பு என்று பெயர். மாலை என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல் அது. அச்செல்களில் கரியமில வாயு செறிவாகச் சேர்வதால், வெப்பத்திலும் ஒளிச்சேர்க்கை குன்றுவதில்லை. நெல்லில் இவ்வமைப்பு இல்லை. அதனை நெல்லுக்குக் கொண்டுவரப் பல நாட்டு அறிவியலாளர் முயன்று வருகின்றனர். ஓர் இலையின் உள்ளமைப்பில் உலகத்தின் உணவுச் சிக்கல் அடங்கியிருப்பதைக் காணுங்கள்!

உள்ளமைப்பைக் கொண்டு தாவரங்களைப் பிரிப்பது நம் மொழிக்குப் புதிதன்று. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. பனையில் வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடந்து, ஓரத்தில் நெருங்கி நிற்கின்றன. ஆகவே வெளியே கடினம். வேம்பில் கேம்பியம் ஆண்டுதோறும் புதிய கட்டையை வெளிப்புறத்தில் சேர்க்க, பழைய கட்டை உள்ளே வைரமாகிறது. கோடரி பிடித்தவர் கையால் அறிந்த இவ்வுண்மைக்குக் காரணம் கூறுவதே உள்ளமைப்பியல்.

அறிவு நம்மிடம் இருந்தது. ஏட்டில் நம் பெயர் இல்லை. ஆயினும் ஒரு பெயர் தப்பி நிற்கிறது. கொச்சியை ஆண்ட டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியாயிற்று. அதற்குச் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட ஈழவர் சமூகத்து வைத்தியர் அவர். அவர் எழுதிக் கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளது. தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை 1753-இல் நிலைநாட்டிய லின்னேயஸ் அந்நூலைப் பயன்படுத்தினார். எழுதி வைத்ததனால் அவர் பெயர் நின்றது.

ஆகவே இளைஞர்களே, மனப்பாடத்தால் இப்பாடம் வசமாகாது. சவர அலகு ஒன்று, கேரட் துண்டு ஒன்று, சாஃப்ரனின் சாயம் சிறிது, இவை போதும். கேரட்டின் இடையே தண்டை வைத்துச் சீவிப் பழகுங்கள். நூறு வெட்டில் ஒன்று நன்றாய் அமையும். அந்த ஒன்றை வரையுங்கள். வாரம் ஐந்து செடிகளைப் பூவோடு சேகரித்துச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்துங்கள். தாளை நாள்தோறும் மாற்றுங்கள். பாட்டியிடம் கேட்டு ஊர்ப்பெயரை எழுதுங்கள். பின்னர் நூலைக் கொண்டு அறிவியற் பெயரைக் கண்டறியுங்கள்.

இளங்கலையோடு நிற்பவர்க்கு வாசல்கள் சில. முதுகலையும் ஆராய்ச்சியும் முடிப்பவர்க்குப் பல. இந்திய வனப்பணித் தேர்வில் தாவரவியல் விருப்பப் பாடம். உள்ளமைப்பும் வகைப்பாடும் அதன் பகுதிகள். பட்டியலினத்தவர்க்கு வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. 1890-இல் தோன்றிய இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் கோயம்புத்தூரில் இருக்கிறது. கல்லூரி ஆசிரியப் பணியும், மூலிகை மருந்துச் சோதனைக் கூடங்களும், விதைத் துறையும் உள்ளன. 1944-இல் தொடங்கிய மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகையும், ஆய்வு மாணவர்க்கான தேசிய உதவித்தொகையும் நம் உரிமைகள். விண்ணப்பிக்கும் நாளைத் தவற விடாதீர்கள்.

உலர்தாவரத் தொகுப்பில் வைக்கும் ஒவ்வொரு தாளிலும் செடியின் பெயர், கிடைத்த ஊர், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை எழுதப்படும். நூறாண்டு கழிந்தும் அறிஞர்கள் அதனை எடுத்துப் பார்ப்பார்கள். ஊர் என்னுமிடத்தில் நம் சேரியின் பெயரும், சேகரித்தவர் என்னுமிடத்தில் நம் பிள்ளைகளின் பெயரும் அத்தாள்களில் ஏறுதல் வேண்டும். அதற்குரிய வேலையை இவ்வாண்டே தொடங்குவோமாக.