உபதேசியாரின் படம் உருவான விதம்

(படத் திறப்பின்போது நிகழ்த்திய உரை)



நம் யூபிலி விழாவில், நம் பங்கின் முதல் உபதேசியாருடைய உருவப்படம் இன்று திறக்கப்பட்டுள்ளது. இதைத் தீட்டிய நாங்கள் மூவரும் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஓவியம் எங்கள் பிழைப்பல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். படம் உருவான விதத்தைக் கூறும்படி பங்குத் தந்தை பணித்தார்கள். எங்கள் தவற்றையும் சேர்த்தே கூறுகிறோம்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புகைப்படம். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளை குரூப் போட்டோ. ஓரத்தில் நிற்கும் அவருடைய முகம் கட்டைவிரல் நகமளவுதான். ஸ்டூடியோவில் பெரிதாக்கினோம். புள்ளிகள் பெரிதாயினவேயன்றி, இல்லாத விவரம் வந்துவிடவில்லை. அந்தப் பிரதியின்மேல் சதுரக் கட்டங்கள் போட்டோம். கான்வாஸிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைந்தோம்.

தீட்டியது அக்ரிலிக் வண்ணத்தில். ஓவியர்களுக்கென்று தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் 1950-களில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு தண்ணீரில் கரையாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தட்டில் பிழிந்த வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறது. ஆகவே ஈரத் துணிமேல் காகிதம் விரித்து, அதில் வைத்துக் கலந்தோம். இதற்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தில் சற்று வெளுப்பாகத் தெரியும்; காய்ந்ததும் நிறம் சற்றே கூடும்.

இங்கேதான் தவறினோம். நிறம் கூடக் கூட வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் மேனி நிறம் தெரியாதே என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில், சிவப்பாக இருந்தால்தான் கோவிலில் மாட்ட அழகாயிருக்கும் என்ற எண்ணம் எங்கள் மனத்தில் இருந்தது. உபதேசியாரின் மகள், எண்பது வயதைத் தாண்டியவர், படத்தை வெகுநேரம் பார்த்தார். "யாருப்பா இவரு? எங்கப்பா நல்ல கறுப்பு. ஊர் ஊரா சைக்கிள் மிதிச்சு செபம் சொல்லிக் கொடுத்தவரு, வெயில்ல வெள்ளையாவா இருப்பாரு?" என்றார். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை.

இத்தவறு எங்களோடு தொடங்கியதல்ல. குழந்தை தெரேசம்மாள் 1897-இல், தம் 24-ஆம் வயதில் இறந்தார். அவருடைய அக்காள் செலின் 1894-இல் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது கேமராவையும் கொண்டுவந்து, தங்கையைப் படம் எடுத்து வைத்திருந்தார். ஆயினும் உலகெங்கும் பரவியவை பெரும்பாலும் திருத்தி மென்மையாக்கிய படங்களும், செலின் தீட்டிய ஓவியங்களுமே. திருத்தாத புகைப்படங்கள் 1961-இல்தான் நூலாக வெளிவந்தன. அன்பினால் செய்த திருத்தமே. எனினும் உண்மையான முகத்தை மக்கள் காண அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தப் புனிதையின் பெயரை ஏற்ற அன்னை தெரேசாவுக்கு 2016 செப்டம்பர் 4-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதற்காக அமெரிக்க ஓவியர் சாஸ் ஃபேகன் தீட்டிய படத்தில் முகச் சுருக்கங்கள் மறைக்கப்படவில்லை. அந்த முகத்தை யாரும் குறையாக எண்ணவில்லை.

நல்லவேளையாக, அக்ரிலிக் காய்ந்தபின் அதன்மேலேயே மறுபடியும் தீட்டலாம். அம்மாளையும் பேரப்பிள்ளைகளையும் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, மஞ்சள் காவி, செம்பழுப்பு, சிறிது நீலம் கலந்து, காகிதத்தில் தடவிக் காயவிட்டுப் பார்த்த பின்னரே கான்வாஸில் வைத்தோம். புகைப்படத்தில் இடக் காது நிழலில் மறைந்திருந்தது. கற்பனையாக ஒரு காதை வைக்காமல், படத்திலும் நிழலாகவே விட்டுவிட்டோம். அம்மாள் மறுபடி வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் இன்றே எழுதி வையுங்கள். கண்டவர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர் எப்படி இருந்தார் என்று கேட்டு வையுங்கள். நாளை படம் தீட்டுவோருக்கு அதுவே துணை.

இறைவனுக்கே புகழ்!