ஊடக மாணவிக்கு உள்ளகப் பயிற்சி ஏன் வேண்டும்?

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்கும் ஆற்றிய உரை)



ஊடகத்தைப் பற்றிப் பேச ஒரு டொக்டரை ஏன் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் சங்கச் செயலாளரிடம் அதையே கேட்டேன். "நீங்கள் கூட்டத்தில சொன்ன அந்தக் காய்ச்சல் கதையைச் சொல்லுங்கோ, அது காணும்" என்றார். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024 நவம்பர் கடைசியில் வடக்கில் பெருமழையும் வெள்ளமும் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்து வந்த டிசெம்பரில், யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலுடன் வைத்தியசாலைக்கு வந்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை 'மர்மக் காய்ச்சல்' என்ற சொல் எல்லார் கைபேசியிலும் ஓடித் திரிந்தது. பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள சிறு காயத்தினூடாக உடம்புக்குள் போகிறது. நேரத்தோடு வந்தால் மருந்து இருக்கிறது. பிந்தி வந்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகலாம். அந்த நாட்களில் ஒரு சரியான செய்தி ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடியதாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் எங்கள் விடுதி வாசலில் ஒரு பிள்ளை குறிப்புப் புத்தகத்துடன் நின்றாள். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிப்பவள். ஒரு பத்திரிகையில் இரண்டு மாத உள்ளகப் பயிற்சிக்கு வந்திருந்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் ஓடி வந்து, "டொக்டர், இந்தக் காய்ச்சல் எப்பிடிப் பரவுது? ரெண்டு நிமிசம் தருவீங்களா?" என்றாள்.

"நாங்கள் பத்திரிகைக்குக் கதைக்க ஏலாது. இதில நிக்காம போங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் சொன்னது பொய்யல்ல. அனுமதி இல்லாமல் அரச ஊழியர் ஊடகங்களுக்குத் தகவல் கொடுக்க முடியாது. ஆனால் யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை நான் சொல்லவில்லை.

மறுநாள் அவள் திரும்பவும் வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கேள்வி கேட்க வரவில்லை. "நேற்று விடுதி வாசலில நிண்டு நோயாளியின்ர ஆக்களோட கதைச்சது பிழை எண்டு சேர் சொன்னவர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்" என்றாள்.

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். அவள் எழுதிய செய்தியைச் செய்தி ஆசிரியர் சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தார். 'மர்ம' என்ற சொல் வெட்டப்பட்டிருந்தது. இறந்தவரின் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருந்தன. 'என்று கூறப்படுகிறது' என்ற இடத்தில், "யார் கூறியது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அடியில், "சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேட்டு வரவும்" என்றிருந்தது. அவள் போய்க் கேட்டும் வந்துவிட்டாள். எப்படிப் பரவுகிறது, வயலில் இறங்குபவர்கள் தடுப்பு மாத்திரையை எங்கே பெறலாம், எந்த அறிகுறியைக் கண்டால் வீட்டில் இருக்கக்கூடாது என்ற விபரங்களை அடுத்த நாள் பத்திரிகையில் பெயரில்லாத ஒரு சிறு செய்தியாகக் கண்டேன்.

சில நாட்களுக்குப் பின் ஒரு கமக்காரர் காய்ச்சலின் இரண்டாம் நாளே வந்தார். "மனிசி பேப்பரைப் பார்த்திட்டு என்னை வீட்டில இருக்க விடேல்ல" என்றார். குணமாகி வீடு போனார். அவர் மனைவி படித்தது அந்தப் பிள்ளை எழுதியதுதானா என்று எனக்குத் தெரியாது. அது யார் எழுதியதாகவும் இருக்கட்டும், சரியாக எழுதப்பட்டிருந்தது.

அந்தச் சிவப்புப் பேனை எனக்கு என்னுடைய பயிற்சிக் காலத்தை நினைவூட்டியது. எங்கள் நாட்டில் ஐந்து வருடம் மருத்துவம் படித்துச் சித்தியடைந்தாலும் உடனே முழு வைத்தியர் ஆகிவிட முடியாது. முதலில் தற்காலிகப் பதிவு. பிறகு இரண்டு பிரிவுகளில் ஆறு ஆறு மாதமாக ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அது முடிந்தபிறகே முழுப் பதிவு. என் பயிற்சியின் முதல் மாதத்தில், தொடர்ந்து விழித்திருந்த ஓர் இரவில், ஓர் ஊசி மருந்தின் அளவை எழுதும்போது தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன். மூத்த தாதி ஒருவர் சீட்டைக் கொண்டுவந்து, "டொக்டர், இதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றார். அவ்வளவுதான். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஆனால் அந்தப் பிழை நோயாளியிடம் போகவில்லை.

உள்ளகப் பயிற்சியின் பெறுமதி அதுதான், பிள்ளைகளே. அதில் நாம் பிழை விடுவோம். ஆனால் அந்தப் பிழை அடுத்தவரைப் போய்ச் சேருமுன் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருப்பார். வகுப்பறையில் பிழை விட்டால் புள்ளி குறையும். விடுதியிலும் பத்திரிகையிலும் பிழை விட்டால் ஒரு குடும்பம் பாதிக்கப்படும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தனியே குதிக்கும்படி எந்தப் பிள்ளையையும் விடக்கூடாது.

இன்று உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் எங்கள் பிள்ளைகள் ஊடகத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பரீட்சைக்குப் பாடமாக்கிவிடலாம். ஆனால் ஒரு பிரதேச சபைக்குப் போய் அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்து, பதில் வராமல் திரும்பவும் போய் நின்றால்தான் அது விளங்கும். செத்தவீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதையும் எந்தப் புத்தகமும் முழுதாகச் சொல்லித் தராது.

எல்லாப் பயிற்சியும் நல்ல பயிற்சி அல்ல. தேநீர் வாங்கவும், முகநூலில் வந்ததை அப்படியே பிரதி பண்ணவும் பிள்ளைகளை வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆகவே போகுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் எழுதுவதை யார் திருத்துவார்?" அதற்கு ஒருவரின் பெயர் பதிலாகக் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். திருத்திய தாள்களை எறிந்துவிடாதீர்கள். சான்றிதழைவிட அவை பெறுமதியானவை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "பொம்பிளைப் பிள்ளையை ஊடகத்துக்கு விடுறதோ?" என்று நீங்கள் பயப்படுவதை நான் பகிடி பண்ண மாட்டேன். 2000 ஒக்டோபரில் ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் வைத்தே கொல்லப்பட்டார். அப்போது எனக்கு இருபது வயது. அந்தக் காலத்தில் வளர்ந்த எங்களுக்குப் பயம் இலகுவில் போகாது. ஆனால் நம்முடைய பிள்ளைகள் எழுதாவிட்டால் நம்முடைய ஊரின் காய்ச்சலை யார் எழுதுவது? பயந்து வீட்டில் வைத்திருப்பதைவிட, பொறுப்பான ஒரு மூத்தவரின் கீழ் பழகவிடுவதே பாதுகாப்பு.

கடைசியாக, நூறு வயதான எங்கள் சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள். பத்திரிகையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் ஆளுக்கொரு பயிலுநரை ஏற்று, திருத்தும் பொறுப்பையும் எடுக்கவேண்டும். வெளியூருக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் பஸ் காசையும் தங்குமிடத்தையும் சங்கம் பார்க்கவேண்டும். வசதியில்லாத பிள்ளை இதற்காகவே பின்நிற்கக்கூடாது. மூன்றாவது, அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு: ஒரு பயிலுநர் வாசலில் வந்து நின்றால், பதில் சொல்ல அதிகாரம் இல்லாவிட்டாலும், எங்கே போய்க் கேட்பது என்றாவது சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு அன்று நான் சொல்லாததை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இனி என் விடுதி வாசலுக்கு வருபவளுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்கும்.