கையால் அடித்தால்தான் அடியா?

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். அதனால் எங்கள் குழுவில் கணக்கு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு நாள் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணினேன். சரியாக இருந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. நாலு தடவை எண்ணினேன். கை நடுங்கியது. கடைசியில் நோட்டை ஊக்குநர் அக்காவிடம் நீட்டி, "எனக்கு இது வராதுக்கா, வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க" என்றேன்.

எல்லோரும் போன பிறகு அக்கா கேட்டார்: "கணக்கு சரியாத்தானே இருக்கு? உனக்கு வராதுன்னு யாரு சொன்னா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டில் தினமும் சொன்னதுதான் அது. என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், கை நீட்டி அடித்ததும் இல்லை. ஆனால் எதைப் பேசினாலும் "உனக்கு என்ன தெரியும்" என்பார். விருந்தாளி முன்னாலேயே "இவ மண்டையில ஒண்ணும் கிடையாது" என்பார். "ரெண்டும் பொட்டையாப் போச்சு" என்று மாமியார் சொல்லும்போது சிரிப்பார். கோபம் வந்தால் மாசக்கணக்கில் என்னோடு பேச மாட்டார். பிள்ளைகளிடம் "சோறு போடச் சொல்லு" என்பார். அம்மாவோடு பேசினால் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். அம்மாவிடம் சொன்னால், "அடிக்கிறாரா, குடிக்கிறாரா, அப்புறம் என்னடி குறை?" என்று கேட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒரு நாள் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஆறாவது படிக்கும் என் பெரிய மகள் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தாள். இருந்த எரிச்சலில், "போடி, உனக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை ஒன்றும் பேசாமல் நோட்டை மூடி வைத்துவிட்டது. நான் பட்டதை அப்படியே என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேனே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா பக்கத்தில் இருக்க, 181-க்குப் போன் செய்தேன். அது பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் பேசலாம். மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கேதான் எனக்கு விஷயம் தெரிந்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் வந்தது. உடம்பில் அடிப்பது மட்டும் அதில் வன்முறை இல்லை. கேவலப்படுத்திப் பேசுவது, பட்டப்பெயர் வைத்து இழிவு செய்வது, பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது எல்லாமே வன்முறைதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. செலவுக்குப் பணம் தராமல் வைப்பதும் அதில் சேரும்.

போலீசுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போடலாம். நாம் குடியிருக்கும் வீட்டிலிருந்து நம்மை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்தாலும் நாம் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது.

நான் வழக்குப் போடவில்லை. ஆலோசனைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை வரவில்லை. ரெண்டாவது தடவை வந்து, "நான் அடிக்கவே இல்லையே" என்றார். அந்த மேடம் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முழுசாக மாறிவிட்டார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசுவது நின்றிருக்கிறது. போன் என் கையில் இருக்கிறது. இன்று இங்கே பேசப் போகிறேன் என்றபோது, "பேர் சொல்லாமப் பேசு" என்றார். முன்பெல்லாம் "ஊர் சுத்தப் போறியா" என்பார்.

எல்லோருக்கும் ஆலோசனையே போதும் என்று நான் சொல்லவில்லை. உயிருக்குப் பயம் இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், 112-க்கு அடியுங்கள். தூக்கம் வராமல், செத்துப் போகலாமா என்று தோன்றினால் 14416-ல் பேசுங்கள். மனசுக்கான அரசு உதவி எண் அது.

எங்கள் குழுவில் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம் மனசு விட்டுப் பேசுகிறோம். அது தீர்மான நோட்டில் ஏறாது, வெளியிலும் போகாது. யாராவது அலுவலகம் போக வேண்டுமென்றால் ரெண்டு பேர் கூடப் போகிறோம். இந்த எண்களைச் சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. நம்மில் மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, அம்மாவும் உண்டு. அந்த வார்த்தைகள் நம் வாயிலிருந்தும் வருகின்றன. என் வாயிலிருந்து வந்ததை நானே சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் நம் மருமகளிடம், மகளிடம் எப்படிப் பேசுகிறோம் என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

கணக்கு நோட்டு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது பணத்தை ஒரு தடவைதான் எண்ணுகிறேன்.