பிள்ளைக்குச் சர்க்கரை கொடுக்கத் தெரு பார்க்கலாமா?

(பண்பொழியில் நடந்த பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

சர்க்கரை நோய் வயசானவர்களுக்கு வருவது என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, சாமி குத்தமுமில்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால் மற்ற பிள்ளைகளைப் போல ஓடும், படிக்கும். போடாவிட்டால் உயிர் நிற்காது. ஊசி மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் பள்ளிக்கூட நேரத்தில்தான். காலையில் ஊசி போட்டாயிற்று. பதினோரு மணிக்கு ஏதாவது தின்றிருக்க வேண்டும், தின்னவில்லை. அல்லது விளையாட்டுப் பீரியடில் அதிகமாக ஓடிவிட்டது. சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கிவிடும். உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், பிள்ளை எரிந்து விழும், கேட்டதற்கு மாற்றிச் சொல்லும், பெஞ்சில் தலை சாய்த்துப் படுக்கும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். தெளியவில்லையா, இன்னொரு தடவை கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். தனியாக வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், வழியிலேயே விழுந்துவிடும்.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள்.

நான் வேலை பார்த்த பகுதியில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை, எங்கள் தெருப் பிள்ளை, பெஞ்சில் படுத்துவிட்டது. "அந்தத் தெருப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று ஆசிரியர் வெயிலில் நிற்க வைத்துவிட்டார். நோயைப் பற்றி அவருக்குத் தெரியாது, அதைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் சோர்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்ததும் உடம்புக்கு என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, தெரு ஞாபகம் வந்திருக்கிறது. சத்துணவு ஆயாதான் பார்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்.

முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று அதன் அம்மாவிடம் சண்டை போட்டேன். "ஏற்கெனவே ஒட்டமாட்டேன் என்கிறார்கள், நோயும் இருக்கிறது என்று தெரிந்தால் பக்கத்தில் யாரக்கா உட்காருவார்கள்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

2022 செப்டம்பரில் நம் மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தரமாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் கடைக்காரர். அதை வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள். பிறகு வழக்கு, கைது, கடைக்குச் சீல் எல்லாம் நடந்தது. அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு வந்த நினைப்பு ஒன்றுதான். அதில் ஒரு பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால்? அந்த மிட்டாய்தானே மருந்து!

மேல்நாடுகளில் இந்த நோயுள்ள பிள்ளைகளில் பலர் கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். மயங்கி விழுந்தால் பார்ப்பவர்களுக்கு என்ன நோய் என்று தெரிவதற்காக. நெல்லை, தென்காசிப் பக்கம் நம் பிள்ளைகளும் கையில் கயிறு கட்டுகிறார்கள். அது எதைச் சொல்வதற்கு என்று உங்களுக்கே தெரியும். நாங்குநேரிக்குப் பிறகு நீதியரசர் சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையும் அந்தக் கயிறுகளைத் தடை செய்யத்தான் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1922இல் கனடாவின் டொரண்டோவில் 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் இன்சுலின் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. அதற்குப் பிறகு அறுபது வருசம் உலகம் முழுக்க மாடு, பன்றியிலிருந்து வந்த இன்சுலின்தான். மாட்டுக்கறி தின்கிறவன் என்று நம்மை ஒதுக்கியவர்களும் அதைத்தான் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தார்கள். உயிர் என்று வந்தால் தீட்டு ஓடிவிடுகிறது, பாருங்கள்.

2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வகுப்பிலேயே சர்க்கரை பார்க்க, ஊசி போட, இடையில் தின்ன இந்தப் பிள்ளைகளை அனுமதிக்கச் சொன்னது. ஆசிரியர்களே, அது நீங்கள் காட்டும் சலுகை அல்ல. கழிப்பறைக்குப் போகக் கேட்டால் விடுங்கள், சர்க்கரை ஏறினாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். தண்ணீர் கேட்டால் எந்தத் தம்ளர் என்று பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு வகுப்பு மேசையிலும் ஒரு டப்பாவில் சர்க்கரை, ஒரு கரண்டி, ஒரு தம்ளர் இருக்கட்டும். யாருக்கு என்று பெயர் ஒட்ட வேண்டாம். மூன்று டப்பா நான் கொண்டுவந்திருக்கிறேன், தலைமையாசிரியரிடம் கொடுக்கிறேன். பள்ளிக்கு எதிரே உள்ள கடைகளில் நாளைக்குக் காலையில் போய்ப் பேசப்போகிறேன். கூட வருகிறவர்கள் எட்டரைக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள்.