பீட்சாக் கடையில் பாடிய பொம்மைகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"பேசுறதைத் தொழில் சம்பந்தமாப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருந்தார். தலைப்பைக் கேட்டதும், "என்னப்பா இது, பீட்சாங்கறே, பொம்மைங்கறே?" என்று சிரித்தார். தொழில் சம்பந்தமானதுதான் அண்ணே என்றேன். பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது அழுத்தக் காற்று. பேக்கிங் மெஷின்களுக்கு நியூமேட்டிக் சர்க்யூட் போடுவது என் வேலை. அதே சிலிண்டர், அதே சோலினாய்டு வால்வு, அதே கம்ப்ரஸர். இவற்றை வைத்து அமெரிக்காவில் கரடியைப் பாட வைத்தார்கள், கொரில்லாவைப் பியானோ வாசிக்க வைத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அது ஒரு பெரிய வியாபாரமாக நடந்தது. எப்படி நடந்தது, எதனால் தேய்ந்தது என்று பார்த்தால் நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு மேடை

நோலன் புஷ்னெல் என்ற பெயரைக் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பிகள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1972-ல் அட்டாரி கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'பாங்' என்ற வீடியோ கேமைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். அந்த நாளில் வீடியோ கேம் மெஷின் இருந்த இடம் பெரும்பாலும் மதுக்கடை. குழந்தைகள் அங்கே வர முடியாது. குடும்பத்தோடு வரக்கூடிய ஓர் இடத்தில் மெஷின்களை வைத்தால் என்ன என்று புஷ்னெல் யோசித்தார். அவர் தேர்ந்தெடுத்தது பீட்சாக் கடை. காரணம் எளிது. பீட்சா ஆர்டர் கொடுத்தால் உடனே வராது, அடுப்பில் வேக வேண்டும். அந்த இடைவேளையில் பிள்ளைகள் டோக்கன் வாங்கி விளையாடுவார்கள். சரி, மேசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மா என்ன செய்வார்கள்? அவர்களுக்காகத்தான் பாடும் பொம்மைகள்.

1977 மே மாதம் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் முதல் 'பீட்சா டைம் தியேட்டர்' திறந்தது. கதாநாயகன் சக் ஈ. சீஸ் என்ற எலி. இதில் ஒரு வேடிக்கை. புஷ்னெல் ஓநாய் மாதிரியான கயோட்டி என்று நினைத்து ஒரு வேஷ உடுப்பை வாங்கினார். வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் நீளமான வால், அது எலி! சாப்பாட்டுக் கடைக்கு எலியா என்று யாரும் கேட்காமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் எலியையே முதலாளி ஆக்கிவிட்டார்கள்.

முதல் கடையில் தனி மேடை கிடையாது. சுவரில் உயரத்தில் படச் சட்டங்களை மாட்டி, ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பொம்மையை வைத்தார்கள். இடுப்புக்கு மேலே மட்டும் இருந்தால் போதும். கால் வேண்டாம், நடை வேண்டாம், தரையில் ஒரு சதுர அடிகூட வீணாகாது, பிள்ளைகள் கைக்கும் எட்டாது. கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற நல்ல டிசைன் என்றுதான் நான் சொல்லுவேன்.

ஆன், ஆஃப் – அவ்வளவுதான்

அசையும் பொம்மை புஷ்னெலின் கண்டுபிடிப்பு இல்லை. டிஸ்னிலேண்டில் 1963-லேயே 'என்சான்டட் டிக்கி ரூம்' பறவைகள் பாடின. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கன் உருவம் எழுந்து நின்று பேசியது. ஆனால் அது ஒரே இடத்தில் நிற்கும் காட்சி, பின்னால் பெரிய பொறியாளர் படையே உண்டு. பீட்சாக் கடைக்காரருக்கு நூற்றுக்கணக்கான ஊர்களில் அதே காட்சி வேண்டும். ரிப்பேர் பார்ப்பதற்குக் கடைக்கு ஓர் ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அங்கேதான் அழுத்தக் காற்று வந்தது. வால்வு திறந்தால் சிலிண்டருக்குள் காற்று போகும், கை மேலே வரும். வால்வு மூடினால் காற்று வெளியேறும், கை கீழே இறங்கும். நடுவில் நிற்காது. இருப்பது இரண்டே நிலை. அப்படியானால் அசைவு வெட்டு வெட்டென்று இருக்காதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் காற்றுப் பாதையில் ஒரு சின்னத் திருகு, ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு. அதை அரைச் சுற்று இறுக்கினால் கை சோம்பலாக உயரும், தளர்த்தினால் துள்ளும். கண் இமைக்கு வேகம், தலைக்கு நிதானம் என்று ஒவ்வொன்றாக வைத்துத் திருக வேண்டும். பொம்மையின் குணாதிசயமே அந்தத் திருகில் இருந்தது என்றால் மிகையில்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஹைட்ராலிக் குழாய் ஒழுகினால் எண்ணெய் சொட்டும். கீழே ஆள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். காற்றுக் குழாய் ஒழுகினால் 'உஸ்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனவர் ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் 'கிரியேட்டிவ் இன்ஜினியரிங்' என்ற சிறு கம்பெனி நடத்திய ஆரன் ஃபெக்டர். அவர் உருவாக்கிய இசைக் குழுவின் பெயர் 'ராக்-அஃபயர் எக்ஸ்ப்ளோஷன்'. கீபோர்டில் ஃபாட்ஸ் என்ற கொரில்லா, டிரம்ஸில் டூக் என்ற நாய், கிடாருடன் பீச் பேர் என்ற கரடி, மிட்ஸி என்ற சுண்டெலி, ரோல்ஃப் என்ற ஓநாய், பில்லி பாப் என்ற இன்னொரு கரடி. மூன்று மேடை, ஒவ்வொன்றுக்கும் திரை. சில பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவரும் ஃபெக்டரே.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. காட்சி முழுவதும் ஒரு நான்கு டிராக் டேப்பில் இருந்தது. இரண்டு டிராக்கில் பாட்டு. மற்ற இரண்டில் ஒன்று, பூஜ்யம் என்று வரிசையாகத் தகவல். ஒவ்வொரு பிட்டும் ஒரு வால்வு. மிட்ஸியின் வாய்க்கு ஒரு பிட், டூக்கின் வலது கைக்கு ஒரு பிட். பாட்டும் அசைவும் ஒரே டேப்பில் ஓடுவதால் இரண்டும் பிசகவே வழியில்லை. அசைவுகளைப் பதிவு செய்ததும் கையால்தான். பாட்டை ஓடவிட்டு, பொத்தானைத் தாளத்துக்கு அழுத்தி, முதலில் ஒரு பாத்திரத்தின் வாய், பிறகு கண், பிறகு கை என்று அடுக்கடுக்காகச் சேர்த்தார்கள். மிருதங்கம் பழகிய ஆள் இந்த வேலைக்குப் போயிருந்தால் நன்றாகச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

எலும்பு ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு

ராபர்ட் பிராக் என்பவர் கன்சாஸில் ஏராளமான ஹாலிடே இன் ஓட்டல்களை நடத்தியவர். 1979-ல் பல மாநிலங்களில் பீட்சா டைம் தியேட்டர் திறக்க அவர் புஷ்னெலுடன் ஒப்பந்தம் போட்டார். அதே வருடம் ஃபெக்டரின் பொம்மைகளைப் பார்த்தார். பார்த்ததும் மனம் மாறிவிட்டது. ஒப்பந்தத்திலிருந்து விலகி, ஃபெக்டரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு, 1980 மார்ச்சில் கன்சாஸ் சிட்டியில் முதல் 'ஷோபிஸ் பீட்சா பிளேஸ்' கடையைத் திறந்தார். வழக்கு நடந்தது, கடைசியில் சமரசத்தில் முடிந்து, ஷோபிஸ் தன் வருமானத்தில் ஒரு பங்கைப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுக்க நேர்ந்தது.

1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் சரிந்தது. டோக்கன் வருமானத்தை நம்பியிருந்த பீட்சா டைம் தியேட்டர் 1984-ல் திவால் மனு கொடுத்தது. அதை வாங்கியது யார் தெரியுமா? ஷோபிஸ்தான்! ஒரே முதலாளியிடம் இப்போது இரண்டு பொம்மைக் கூட்டம். பாத்திரங்களின் உரிமையைத் தங்களுக்குத் தரும்படி ஷோபிஸ் கேட்டது, ஃபெக்டர் சம்மதிக்கவில்லை. 1990 முதல் அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், அவருடைய பொம்மைகளின் முகத்தையும் ரோமத்தையும் உரித்துவிட்டு, அதே இரும்புச் சட்டத்தின் மேல் சக் ஈ. சீஸ் பாத்திரங்களின் தோலைப் போர்த்தினார்கள். எப்படி உரிப்பது, எப்படி மாட்டுவது என்று கடைகளுக்கு வீடியோ கேசட்டே அனுப்பினார்கள். கொரில்லா இருந்த இடத்தில் மிஸ்டர் மன்ச் வந்தது. டூக் என்ற நாய் பாஸ்க்வாலி என்ற சமையல்காரர் ஆனது. ஓநாய் போய் எலி வந்தது. உள்ளே அதே சிலிண்டர், அதே வால்வு.

ஒரு டிசைனராக இதைப் பார்த்தால் கை தட்டத் தோன்றும். எலும்பையும் தோலையும் தனித்தனியாகக் கழற்றும்படி செய்ததால்தான் ரிப்பேர் சுலபமாயிற்று. ஆனால் எந்த வசதியை ஃபெக்டர் செய்து கொடுத்தாரோ, அந்த வசதியே அவர் பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்கியது. சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்படும் தம்பி தங்கைகளே, மெஷின் யாருடையது, வடிவம் யாருடையது, பாட்டு யாருடையது என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பாத்திரங்களை விட்டுக்கொடுக்காதது சரியா, தவறா? இன்றும் ரசிகர்கள் விவாதிக்கிறார்கள். எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது.

ஸ்பேனர் பிடித்தவரின் கை

சரி, ஏன் தேய்ந்தது? இன்றைய குழந்தைகளின் எதிர்பார்ப்பு மாறிவிட்டது என்பது கம்பெனி சொன்ன காரணம். உண்மைதான். 2017-ல் பொம்மை இல்லாத, நடன மேடை மட்டும் உள்ள புது அமைப்பைக் கொண்டுவந்தார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் அந்தக் கம்பெனியும் திவால் பாதுகாப்பு கேட்டு, அந்த ஆண்டு முடிவில் மீண்டது. 2024-ல், கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சில கடைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பொம்மைகளை எடுத்துவிட முடிவு செய்தார்கள்.

ஆனால் என் கண்ணுக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. இந்தப் பொம்மைகளை விற்கும்போது பாட்டைக் காட்டி விற்றார்கள். பராமரிப்பைக் காட்டி யாரும் விற்க முடியாது. லேடெக்ஸ் ரப்பர் தோல் வாயோரம் கிழியும். ரோமத்தில் தூசி படியும். வால்வில் ஈரம் சேரும். ஓ-ரிங் தேயும். ஒரு வால்வு ஒட்டிக்கொண்டால் போதும், பாட்டுப் பாடும் எலிக்கு வாய் திறக்காது, ஒரு கண் மட்டும் பாதி மூடியிருக்கும். சிரிக்க வேண்டிய பிள்ளை அம்மா மடியில் முகத்தைப் புதைக்கும். அந்தப் பயத்தை வைத்தே 2014-ல் 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' என்ற வீடியோ கேம் வந்து உலகப் புகழ் பெற்றது, 2023-ல் சினிமாவும் ஆயிற்று. கவனிக்கப்படாத பொம்மை பேயாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2023 தொடக்கத்தில்கூட சில கடைகளுக்குப் புதுக் காட்சிக்கான அசைவுத் தகவல் 3.5 அங்குல ஃப்ளாப்பி டிஸ்க்கில்தான் போயிற்று. அதை யாரோ ஓர் ஊழியர் டிரைவில் செருகி ஓட வைத்துக்கொண்டிருந்தார். அலபாமா மாநிலத்தில் ஒரு ரசிகர் ராக்-அஃபயர் பொம்மைகள் ஒரு முழு செட்டை விலைக்கு வாங்கி, புதுப் பாட்டுகளுக்கு ஆட வைத்தார். அவரைப் போன்றவர்களைப் பற்றி 2008-ல் ஓர் ஆவணப்படமே வந்தது. ஆன், ஆஃப் என்ற எளிய அமைப்பு என்பதால் ஒரு தனி மனிதர் வீட்டில் வைத்து அதைப் புரிந்துகொண்டு சரிசெய்ய முடிகிறது. கம்பெனி கைவிட்டாலும், கவனிக்க ஆள் இருந்த இடத்தில் அந்தக் கரடி இன்னும் பாடுகிறது.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? கேம்பஸ் இன்டர்வியூவில் மெயின்டனன்ஸ் வேலை என்றால் நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். "டிசைன் கிடைக்கலையா?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். தம்பிகளா, ஒரு வருடம் ஸ்பேனர் பிடித்தவன் போடுகிற டிராயிங் வேறு மாதிரி இருக்கும். கை நுழையாத இடத்தில் அவன் வால்வை வைக்க மாட்டான்.

அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பேட்ச்சும் வெள்ளி விழாவுக்குக் கல்லூரிக்கு ஏதாவது ஒரு புது மெஷின் வாங்கித் தருகிறோம், பெயர்ப் பலகை வைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் இன்று காலை நம் ஆய்வகத்தில் நியூமேட்டிக் பயிற்சி மேசையைப் பார்த்தேன். ஆறு வால்வில் இரண்டுதான் வேலை செய்கிறது. மற்ற நான்குக்கும் வேண்டியது சீல் கிட், சில ஆயிரம் ரூபாய். சீல் கிட்டுக்கு யாரும் பெயர்ப் பலகை வைப்பதில்லை, அதனால் அது வரவும் இல்லை. இந்த ஆண்டு சங்கம் தனியாக ஒரு பராமரிப்பு நிதி ஒதுக்க வேண்டும், லேப் உதவியாளரின் கையில் அதைச் செலவு செய்யும் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று பொதுக்குழுவுக்கு முன்மொழிகிறேன். என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் என்னோடு உட்காரத் தயார் என்றால், நாளைக்கே அந்த நான்கு வால்வையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.