பள்ளிப் பிள்ளையின் தொழில்



தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர் என ஒன்று உண்டு. உண்ணுதல், உடுத்தல், எழுதுதல், ஓடுதல் என ஒரு செயலுக்குப் பெயராய் வருவதையே தொழிற்பெயர் என்கிறோம். இங்கே தொழில் என்பதற்குச் செயல் என்பதே பொருள். சம்பளத்துக்குச் செய்யும் வேலையை அது குறிப்பதில்லை. பள்ளியில் எல்லோரும் படித்த இந்தச் செய்தியை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு.

நான் செய்துவரும் பணிக்கு நம் நாட்டில் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். பெயரைக் கேட்டவுடன், “எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொழில் எதற்கு? தச்சு வேலை பழக்கப் போகிறீர்களா?” என்று பெற்றோர் வினவுவதுண்டு. பிள்ளையின் தொழில் யாது? சப்பாத்து நாடாவைக் கட்டுதல், சோற்றைச் சிந்தாமல் உண்ணுதல், வாங்கில் நிலையாக அமர்தல், கொப்பியில் எழுதுதல், தோழரோடு கூடி விளையாடுதல். இவை யாவும் தொழிற்பெயர்களே. இவற்றுள் ஒன்று பிள்ளைக்கு இயலாதபோது, அஃது ஏன் இயலவில்லை என்று ஆராய்ந்து, இயலும் வழியை அமைத்துக் கொடுப்பதே எங்கள் பணி.

இத்துறை ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுடையது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அதை அமைத்தவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். நோயினால் உடலின் இடப்புறம் செயலிழந்த அவர், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தம்மைத் தேற்றிக்கொண்டவர். 1930இல் எலிசபெத் காசன் அம்மையார் இங்கிலாந்தில் இதற்கான முதற் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இந்தியாவில் கமலா நிம்ப்கர் அம்மையார் 1950ஆம் ஆண்டில் பம்பாயிலே இப்பயிற்சியைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் போரில் காயமுற்றோரும் மனநோயுற்றோருமே இச்சிகிச்சையைப் பெரிதும் பெற்றனர். 1975இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. இயலாமையுடைய பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளிகள் கல்வி அளிக்க வேண்டும் என்று விதித்த அச்சட்டம், அக்கல்விக்குத் துணையான சேவைகளுள் ஒன்றாகத் தொழில்வழிச் சிகிச்சையையும் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் மருத்துவமனையில் இருந்த சிகிச்சையாளர் பலர் அங்கே வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தனர்.

நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். இங்கே இச்சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே பணியாற்றுகின்றனர். நெடுங்காலம் கொழும்பில் டிப்ளோமாப் பயிற்சி மட்டுமே இருந்தது. இன்று களனிப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டப்படிப்பை நடத்துகிறது. 1875இல் வித்தியாலங்காரப் பிரிவேனாவாகத் தோன்றி, 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1978இல் களனிப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற நிலையம் அது. அதன் மருத்துவ பீடம் ராகமையில் உள்ளது. இயலாமையுடைய பிள்ளைகளுக்கான ஆயதி என்னும் நிலையமும் அங்கேயே அமைந்திருக்கிறது.

ராகமைக்குப் பிள்ளையை அழைத்து வரும் ஒரு தமிழ்த் தாயை எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து வருபவர் கடற்கரைப் பாதையில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து வேறு புகையிரதம் ஏறவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர் பஸ்ஸில் மருதானைக்கு வந்து புகையிரதம் ஏறவேண்டும். தெமட்டகொடையைக் கடந்து, களனி கங்கைப் பாலத்தைத் தாண்டி, ராகமையில் இறங்கும்போது காலைப்பொழுதில் பாதி கழிந்துவிடும். தாய்க்கு ஒருநாட் கூலி போகிறது. பிள்ளைக்கு ஒருநாட் பாடம் போகிறது. பாடத்தில் பின்தங்குகிறான் என்பதற்காகவே சிகிச்சைக்கு வரும் பிள்ளை, சிகிச்சைக்கு வருவதனாலும் பின்தங்குகிறான்.

அப்படி வந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் பள்ளியும் வேண்டாம். மூன்றாந் தரத்தில் படித்தவன். வாய்ப்பாட்டைத் தடையின்றி ஒப்புவிப்பான். கேட்ட கதையைச் சொற்பிறழாமல் திருப்பிச் சொல்வான். கொப்பியிலோ நான்கு வரிக்கு மேல் இராது. அந்த நான்கு வரியிலும் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும். “சோம்பேறி” என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதியிருந்தார்கள். எங்கள் அறையில் சிறு கதிரையில் இருத்தி எழுதச் சொன்னபோது ஒரு பக்கம் எழுதினான். தாயார் திகைத்துப் போனார்.

“மிஸ், இங்கே வந்தால் எழுதுறான். பள்ளிக்கூடத்தில் எழுதுறான் இல்லை. எனக்குக் கள்ளம் செய்கிறானோ?” என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு எங்கள் அறையில் இருந்தபடி விடை சொல்ல என்னால் இயலவில்லை. அனுமதி பெற்று அவனுடைய பள்ளிக்கே சென்றேன். வகுப்பின் பின்புறத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருந்தேன். அவன் அமர்ந்திருந்த வாங்கு பெரிய பிள்ளைகளுக்கானது. பாதங்கள் தரையைத் தொடவில்லை. மேசை அவனுடைய மார்பளவு உயர்ந்திருந்தது. கால் ஊன்றாத பிள்ளைக்கு உடல் தளம்பும். விழாதிருக்க அவன் இடக்கையால் மேசையைப் பிடித்துக்கொண்டான். கொப்பியைப் பிடிக்க வேறு கை ஏது? கொப்பி நகர எழுத்தும் நகர்ந்தது. அருகில் யன்னல், அதற்கப்பால் லொறிகள் ஓயாது செல்லும் தெரு. கரும்பலகையைப் பார்த்துக் கொப்பிக்குக் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் விட்ட இடத்தைத் தேடிக் களைத்தான். அப்பிள்ளை செய்தது கள்ளமுமில்லை, சோம்பலுமில்லை.

செய்த மாற்றங்கள் மிக எளியவை. காலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி வைத்தோம். உட்காருமிடத்தை உயர்த்தினோம். மேசையில் முழங்கை இயல்பாகப் படிந்தது. தடித்த கோப்பு ஒன்றைச் சரிவாக வைத்து அதன்மேல் கொப்பியை வைத்தோம். நீண்ட பென்சிலுக்குப் பதிலாகச் சிறு துண்டுப் பென்சில் கொடுத்தோம். அதை முழுக் கையாலும் பற்ற இயலாது, விரல் நுனிகளாலேயே பிடிக்க வேண்டும். யன்னலோரத்திலிருந்து முன்வரிசைக்கு மாற்றினோம். கரும்பலகையில் உள்ளதை ஓர் அட்டையில் எழுதி அவன் பக்கத்தில் வைக்கலாம் என்ற யோசனை வகுப்பாசிரியையுடையது. வகுப்பையும் பிள்ளையையும் நாள்தோறும் காண்பவர் அவரல்லவா?

அத்துடன் நாள்தோறும் சிறிது நேரம் எழுத்துப் பயிற்சியும் அளித்தோம். கைக்கு வலுவூட்டும் அப்பியாசங்களை மட்டும் செய்தால் எழுத்துத் தானே திருந்திவிடும் என்று பலர் நம்புகின்றனர். எழுதிப் பழகியே எழுத்துத் திருந்தும் என்பதே இன்றைய ஆய்வுகள் காட்டும் முடிவு. இரண்டு தவணைகள் கழிந்தன. அவனுடைய எழுத்து அழகாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் வாசிக்கத் தக்கதாயிற்று. வகுப்பு முடிவதற்குள் பாடம் கொப்பியில் ஏறிற்று. அவ்வளவு போதும். ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை காத்திருக்கிறது. விடை தெரிந்தும் எழுதி முடிக்க இயலாத பிள்ளையின் அறிவைத் திருத்துபவர் எங்ஙனம் காண்பார்?

இத்தகைய பிள்ளைகள் அரியவர்கள் என்று எண்ணற்க. கைகால் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் இடர்ப்படும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் உளர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவரேனும் இருப்பர். அவர்கள் மருத்துவரிடம் வருவதில்லை. வகுப்பின் கடைசி வாங்கிலே “கவனமில்லாதவன்” என்ற பெயரோடு அமர்ந்திருப்பார்கள்.

நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு தொடக்கம் கல்வி இலவசமாகக் கிடைக்கிறது. இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுக்கலாகாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பள்ளியின் கதவு சட்டத்தினால் திறந்திருக்கிறது. உள்ளே வந்த பிள்ளையின் கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்பதைச் சட்டம் பார்க்காது, நாம்தாம் பார்க்கவேண்டும்.

ஆகவே என் விண்ணப்பம் இரண்டு. பொறுப்புடையோருக்கு ஒன்று: ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சிகிச்சையாளரை அமர்த்துதல் இன்று இயலாதிருக்கலாம். அயலிலுள்ள சில பள்ளிகளுக்கு ஒருவராக, தமிழ் பேசுவோரும் உட்பட, முறைவைத்துச் சென்றுவர வகை செய்யலாம். அவ்வாறு சென்றால் கொட்டாஞ்சேனைத் தாய்க்குக் கூலியும் பிள்ளைக்குப் பாடமும் மிஞ்சும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒன்று: எழுதாத பிள்ளையைக் கண்டிக்கும் முன் ஒருகணம் மேசைக்குக் கீழே குனிந்து அவன் கால்களைப் பாருங்கள். சப்பாத்து நாடாவையும் சட்டைப் பொத்தானையும் காலையில் அவனே போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். நீங்கள் போட்டுவிடும் ஒவ்வொரு பொத்தானும் அவன் செய்து பழகவேண்டிய ஒரு தொழில். அதை அவனுக்கே விட்டுக்கொடுங்கள்.