காத்திருக்கத் தெரிந்த நிரல்



மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகள் என்னிடம் பைத்தான் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் வந்துவிட்டதால் மொழி அவளுக்குப் புதிதல்ல. அப்பாவின் கடைக்கு பில் போடும் நிரல் ஒன்றைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. கடையில் இருக்கிற பழைய கணினியில், இணைய இணைப்பு இல்லாமலேயே அது ஓட வேண்டும். திரையில் ஒரு விண்டோ. பொருளின் பெயர், எடை, விலை எழுத இடம். கீழே நான்கைந்து பட்டன்கள். டெஸ்க்டாப் அப்ளிகேஷன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஒரு நாள் மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், மாசக் கணக்கு பட்டனை அமுக்கினா ஹேங் ஆயிடுது."

அமுக்கிக் காட்டினாள். விண்டோ வெளிறிப் போனது. தலைப்புப் பட்டையில் பெயருக்குப் பக்கத்தில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது. உடனே அவள் கை நிரலை மூடப் போனது. "இரும்மா, மூடாதே" என்றேன். இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். முக்கால் நிமிடம் போயிருக்கும். விண்டோ தானாகவே உயிர்பெற்று, மாதக் கணக்கைக் காட்டியது.

அவள் முகத்தில் வந்த வியப்பை என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் அவள் நிரலில் பிழையே இல்லை. கூட்டல் சரி, விடையும் சரி. பல நூறு பில் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, கூட்டி முடிக்க அதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் அது வேறு யாருக்கும் முகம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரிச் சிக்கல்களை அவிழ்க்கும் வேலையை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். நிரல் எழுதக் கற்றுத்தர நூல்கள் ஏராளம். எழுதிய நிரல் நின்றுபோனால் அதன் முன் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லித்தருபவர்கள் குறைவு. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச வந்தேன்.

முதலில் அந்த ஹேங் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பள்ளியில் நாம் முதலில் எழுதும் நிரல்கள் கேள்வி கேட்கும், நாம் பதில் சொல்வோம். ஓர் எண்ணைக் கொடு என்னும், கொடுப்போம். இன்னொன்றைக் கொடு என்னும், கொடுப்போம். விடையைச் சொல்லிவிட்டு முடிந்துபோகும். மேலிருந்து கீழே ஒரே ஓட்டம். விண்டோ வைத்த நிரலில் இந்த முறை தலைகீழாகிவிடுகிறது. 1973-இல் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஆல்ட்டோ என்ற கணினியை உருவாக்கினார்கள். மௌஸை நகர்த்தித் திரையில் இருப்பதைத் தொட்டு வேலை வாங்கும் பழக்கம் அதில்தான் வேரூன்றியது. அங்கிருந்து கேட்பவர் மனிதர், பதில் சொல்வது நிரல். மனிதர் எப்போது எதைத் தொடுவார் என்று நிரலுக்குத் தெரியாது. ஆகவே அதன் முதல் வேலை காத்திருப்பது.

பைத்தானோடு சேர்ந்து வரும், விண்டோ அமைக்க உதவும் டிகிண்டர் என்ற தொகுப்பில் அந்தக் காத்திருப்புக்கு மெயின்லூப் என்று பெயர். ரேஷன் கடை கவுண்ட்டரில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் முதலில் நிற்பவரின் கார்டை வாங்குகிறார், வேலையை முடிக்கிறார், அடுத்தவரைக் கூப்பிடுகிறார். பட்டனை அமுக்கியது, எழுத்தைத் தட்டியது, விண்டோவை நகர்த்தியது, ஏன், விண்டோவைத் திரும்ப வரைவதுகூட அந்த வரிசையில் நிற்கும் ஒரு கார்டுதான். கவுண்ட்டர் ஆள் மூட்டை எண்ண உள்ளே போய்விட்டால் வரிசை அப்படியே நிற்கும். விண்டோஸ் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 5 வினாடிக்கு மேல் ஆள் திரும்பி வராவிட்டால், விண்டோவை வெளிறவைத்து அந்த அறிவிப்பை மாட்டிவிடுகிறது. அதன் பொருள் நிரல் செத்துவிட்டது என்பதல்ல. கூப்பிட்டால் பதில் வரவில்லை, அவ்வளவே.

தீர்வு என்ன? பலர் சொல்லும் குறுக்குவழி, கோப்புகளைப் படிக்கும் சுற்றுக்குள் நடுநடுவே அப்டேட் என்ற கட்டளையைச் சொருகுவது. விண்டோ உடனே உயிர்பெறும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பாதிக் கணக்கில் பயனர் அதே பட்டனை மறுபடி அமுக்கினால், முதல் கூட்டல் முடியும் முன் இரண்டாவது கூட்டல் அதற்குள்ளேயே தொடங்கிவிடும். தொகை இரட்டிப்பாகலாம், பாதியாகலாம். ஹேங் ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. தவறான கணக்கு யார் கண்ணுக்கும் படாமல் கல்லாவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைவிட, வேலையைத் துண்டாக்குவது மேல். ஐம்பது கோப்பைப் படி, ஆஃப்டர் என்ற கட்டளை மூலம் அடுத்த ஐம்பதுக்கு வரிசையின் கடைசியில் ஒரு டோக்கன் போட்டுவிட்டு கவுண்ட்டருக்குத் திரும்பி வா. கணக்கு முடியும்வரை அந்தப் பட்டனையும் செயலிழக்கச் செய்துவிடு. அவளும் அப்படித்தான் செய்தாள். திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் வேண்டும் என்றாள். அதற்கும் இதே ஆஃப்டர்தான். ஒரு வினாடி தூங்கு என்று ஸ்லீப் கட்டளை கொடுத்தால் தூங்குவது அந்த ஒரே ஆள்தான். இன்னும் பெரிய வேலைகளுக்கு திரெட் என்று தனியாக ஓர் ஆளையே வைக்கலாம். ஆனால் அந்த ஆள் விண்டோவைத் தொடக் கூடாது. விடையைச் சீட்டில் எழுதி கவுண்ட்டரில் நீட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிட வேண்டும்.

காத்திருப்பது என்றால் என்ன என்று ஒருவருக்குப் புரிந்துவிட்டால், வேறுபோலத் தோன்றும் பல சிக்கல்கள் தாமாக அவிழ்ந்துவிடுகின்றன. 'சேமி' பட்டனை அமுக்காமலேயே நிரல் தொடங்கியவுடன் சேமித்துவிடுகிறது, பிறகு எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடப்பதில்லை என்று வருவார்கள். பட்டனுக்கான செயலின் பெயரை எழுதும்போது பின்னால் ஓர் அடைப்புக்குறியையும் போட்டிருப்பார்கள். தீப்பிடித்தால் இந்த எண்ணைக் கூப்பிடு என்று எண்ணைக் கொடுத்துவைப்பது வேறு, இப்போதே அந்த எண்ணைச் சுழற்றுவது வேறு. அடைப்புக்குறி போட்டால் உடனே சுழற்றிவிட்டோம் என்று பொருள். பெயரை மட்டும் கொடுத்தால், தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளும்.

பில்லின் தலையில் அவள் வைத்த பிள்ளையார் படமும் ஒரு பாடம் சொன்னது. படம் வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம். எரர் எதுவும் இல்லை. ஒரு செயலுக்குள் படத்தை ஏற்றி, விண்டோவில் வைத்திருந்தாள். செயல் முடிந்ததும், அந்தப் படத்தை இனி யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை என்று பைத்தான் முடிவுசெய்து, அதை நினைவகத்திலிருந்து துடைத்துவிடுகிறது. விண்டோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நாம் நம்புகிறோம், டிகிண்டர் பிடிப்பதில்லை. இந்த நடத்தையை ஒரு குறையென்றே நான் சொல்வேன், ஏனென்றால் எந்தத் தொடக்கநிலை மாணவரும் இதைத் தானாக ஊகிக்க முடியாது. படத்தை ஒரு நிலையான மாறியில் பிடித்துவைத்தவுடன் பிள்ளையார் வந்துவிட்டார்.

எரர் இல்லை என்றேன். அதையும் கவனிக்க வேண்டும். டிகிண்டரில் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் செயல் தடுக்கி விழுந்தால், விண்டோ பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிழைச் செய்தி கறுப்புத் திரையான கன்சோலில்தான் போய் விழும். கன்சோல் தெரிந்தால் அழகாக இல்லை என்று அதை மறைத்து நிரலை ஓட்டுவார்கள். செய்தி யார் கண்ணிலும் படாது. பட்டன் வேலை செய்யவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, கன்சோல் எங்கே என்றுதான். செய்தி கிடைத்தால் கீழிருந்து மேலே படிக்கச் சொல்வேன். பைத்தானில் கடைசி வரிதான் என்ன நடந்தது என்று சொல்லும். மேல் வரிகள் அங்கே வந்து சேர்ந்த வழியைச் சொல்லும். 3.11 பதிப்பிலிருந்து வரியின் எந்த இடத்தில் தடுக்கியது என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டுகிறார்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் மாற, அந்த அடிக்கோடு பெரிய உதவி.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.3 என்று சொல்லாது. 3-க்குப் பின் பதினைந்து சுழியங்களும் கடைசியில் ஒரு 4-ம் வரும். மூன்றில் ஒரு பங்கை நம் பத்தடிமானத்தில் முழுதாக எழுதி முடிக்க முடியாதல்லவா? அதுபோல் பத்தில் ஒரு பங்கை இரண்டடிமானத்தில் எழுதி முடிக்க முடியாது. கடைக் கணக்கைப் பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் இரண்டு சிறு சிக்கல்கள். பில்லைக் கோப்புக்குப் பதிலாக எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமித்து, அது மறுநாள் காணாமல் போனால், கமிட் என்ற கட்டளையைக் கொடுத்தோமா என்று பாருங்கள். கையெழுத்துப் போடாத பத்திரம் செல்லாது. உங்கள் கோப்புக்கே டிகிண்டர் என்று பெயர் வைத்துவிட்டால், பைத்தான் உண்மையான டிகிண்டரை விட்டுவிட்டு உங்கள் கோப்பைத் திறந்து குழம்பும். வேறு பெயர் வையுங்கள்.

தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இதில் சற்று நின்று பேச வேண்டும். அந்தப் பெண்ணின் பில்லில் 'துவரம் பருப்பு', 'கடுகு', 'மல்லித்தூள்' என்று பொருள்களின் பெயர்கள் தமிழில் இருந்தன. முதல் சிக்கல், கோப்பில் சேமிக்கும்போதே நிரல் விழுந்தது. கோப்பைத் திறக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் பெரும்பாலும் பழைய ஐரோப்பியப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லை. யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொன்னால் போதும். அந்தக் கோப்பை எக்செலில் திறக்கப் போகிறோம் என்றால் யூடிஎஃப்-8-சிக் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எழுத்துகள் சிதறித் தெரியும்.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. பில்லில் விலைகள் ஒரே கோட்டில் நிற்கவில்லை. பெயருக்குப் பின்னால் வெற்றிடம் சேர்த்து, எல்லாப் பெயரையும் இருபது எழுத்து நீளமாக்கியிருந்தாள். ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக நின்றன, தமிழ்ப் பெயர்கள் கோணலாகின. காரணம், எழுத்து என்று நாம் நினைப்பதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் அதுவே 15 பைட். அந்தச் சொல்லைத் திருப்பிப் போடச் சொல்லிப் பாருங்கள். புள்ளி தனியாக முன்னே வந்து நிற்கும், ம-வின் இகரக் குறி ழ-வில் போய் ஏறிக்கொள்ளும். ஆங்கில நூல்களில் இந்தச் சிக்கலைத் தேடினால் எளிதில் கிடைக்காது. அவர்களுக்கு இது தொடக்கநிலைச் சிக்கல் அல்ல. நமக்கோ முதல் நாளே வருகிறது. வெற்றிடத்தை எண்ணிச் சேர்ப்பதை விட்டுவிட்டு, பெயருக்கு ஒரு பத்தி, விலைக்கு ஒரு பத்தி என்று டிகிண்டரின் ட்ரீவியூ என்ற அட்டவணையில் பிரித்து வைத்ததும் கோணல் நிமிர்ந்தது.

இத்தனை சிக்கலையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கலாம். நினைவில் வைக்க வேண்டியதில்லை. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போய்விட்டால் மின்பணியாளர் எல்லா பல்பையும் மாற்றுவதில்லை. நடுவில் சோதித்து, கோளாறு எந்தப் பாதியில் என்று பார்க்கிறார். பிறகு அந்தப் பாதியில் பாதி. ஆயிரம் வரி நிரலானாலும் பத்து தடவை பாதியாக்கினால் ஒரு வரிக்கு வந்துவிடலாம். சிக்கலைக் காட்டுகிற மிகச் சிறிய நிரல் கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போவதுதான் இந்தக் கலையின் உயிர் என்பது என் கருத்து. வெட்டும் வழியிலேயே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது.

இன்னொரு வழி, நிரலை வாய்விட்டுச் சொல்வது. 1999-இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய 'தி பிராக்மேட்டிக் புரோகிராமர்' நூல் வழியாக, மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் வரி வரியாக விளக்கும் பழக்கம் பரவியது. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். கேட்பவர் குறுக்கே பேசக் கூடாது. நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று: மாணவரின் விசைப்பலகையை நான் தொடுவதில்லை. நான் திருத்திக் கொடுத்தால் நிரல் சரியாகும். அவர் கண் அப்படியே இருக்கும். கேட்டவுடன் திருத்திய நிரலை நீட்டும் கருவிகள் இன்று எல்லோர் கையிலும் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் எந்த வரி மாறியது, ஏன் மாறியது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிறகு பயன்படுத்துங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் போன் செய்தாள். நிரலைக் கடைக் கணினியில் ஏற்றிவிட்டாள். "வீட்டுல நல்லா ஓடுது சார், இங்க பிள்ளையார் படம் கிடைக்கலைன்னு எரர் வருது. கோப்பு அதே ஃபோல்டர்லதான் இருக்கு."

"எப்படித் திறக்கிறேன்னு ஒவ்வொண்ணாச் சொல்லும்மா."

"டெஸ்க்டாப்ல ஷார்ட்கட் வெச்சிருக்கேன் சார். அதை டபுள் கிளிக் பண்றேன். நிரல் தொடங்குது. படத்தோட பேரை மட்டும்தான் குடுத்திருக்கேன், அது இப்ப நிக்கிற ஃபோல்டர்ல தேடும்..." சற்று நிறுத்தினாள். "ஷார்ட்கட்ல இருந்து தொடங்கினா அது எந்த ஃபோல்டர்ல நிக்கும்? இருங்க சார், பிரின்ட் பண்ணிப் பாக்கறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தட்டச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ கால் கிலோ கடுகு கேட்டார்கள். "வேற ஃபோல்டர் சார், அதான்!" என்று சொல்லி, நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.